தண்ணி லாரி: ஃபில்டர் மாத்தினப்புறம் ஸ்டார்ட் ஆகி ரெண்டு நிமிஷத்துல நிக்குது, அவசரம்

மாதவரம்_டேங்கர் | இரவு 9.40
டீசல் ஃபில்டர் ரெண்டையும் நானே மாத்தினேன். லைன்ல மாட்டின காத்தையும் (ஏர்) எடுத்துட்டேன். செல்ஃப் அடிச்சா உடனே எடுக்குது, ரெண்டு நிமிஷம் நல்லா ஓடுது, அப்புறம் தடுமாறி நின்னுடுது. திரும்ப ப்ரைமர் (டீசல் ஏத்தற கை பம்ப்) அடிச்சா திரும்ப ஸ்டார்ட். விடிகாலை 4 மணிக்கு தண்ணி பிடிக்க வரிசைல நிக்கணும். சீக்கிரம் சொல்லுங்கப்பா.

ஸ்பேனர்செட் | 9.46
என்ன வண்டி, எந்த வருஷம்? இஞ்சினுக்கு டீசல் அடிக்கறது பழைய இன்லைன் பம்பா, கம்ப்யூட்டர் கன்ட்ரோல் காமன் ரெயிலா? டேங்க்ல இருந்து டீசல் இழுக்கற ஃபீட் பம்ப் எங்க இருக்கு? இதெல்லாம் சொல்லாம "நிக்குது"ன்னா எப்படி பாஸ்.

கடைசி_கியர் | 9.49
ஃபில்டர விடுங்க, டீசல் எந்த பங்க்ல போட்டீங்க? இது தண்ணி கலந்த டீசல் கேஸ். மழைக்கு அப்புறம் இப்படித்தான் வரும். ஒரு கண்ணாடி பாட்டில்ல பிடிச்சு அரை மணி நேரம் ஆடாம வைங்க. தண்ணி இருந்தா அடியில தனியா நிக்கும்.

டிப்பர்_தம்பி | 9.53
அண்ணா டேங்க் மூடிய லூஸ் பண்ணிட்டு ஓட்டிப் பாருங்க. மூடில இருக்கற காத்து ஓட்டை அடைச்சிருந்தா உள்ள வேக்கம் ஆகி இழுக்காது. காசில்லாத டெஸ்ட், முதல்ல அதப் பண்ணுங்க.

மாதவரம்_டேங்கர் | 9.58
பிஎஸ்-3 (பழைய புகை விதி) வண்டி, ஆறு சிலிண்டர், இன்லைன் பம்ப். மூடி லூஸ் பண்ணியாச்சு, அதே கதைதான். பாட்டில்ல இதுவரைக்கும் தண்ணி எதுவும் தெரியல. ஆயில், ஆயில் ஃபில்டர், ரேடியேட்டர் தண்ணி எல்லாமே இன்னிக்குத்தான் மாத்தினேன்.

எஃப்ஐபி_பெஞ்ச் | 10.04
சார், யூடியூப்ல ஒரு வீடியோ பாத்துட்டு ஸ்பேனர் எடுத்தா இதுதான் நடக்கும். டீசல் லைன் தெரிஞ்சவங்க தொட வேண்டிய வேலை. போகட்டும், கேட்டுட்டீங்க. ஏர் எந்த வரிசைல எடுத்தீங்க? "எடுத்துட்டேன்"னு எல்லாரும்தான் சொல்றாங்க. முதல் ஃபில்டர் தலைல இருக்கற ஸ்க்ரூவ லூஸ் பண்ணி, நுரை போய் சுத்தமா டீசல் வர்ற வரைக்கும் ப்ரைமர் அடிக்கணும். டீசல் வந்துட்டு இருக்கும்போதே ஸ்க்ரூவ டைட் பண்ணணும், நின்னப்புறம் இல்ல. அடுத்து ரெண்டாவது ஃபில்டர், அதுக்கப்புறம் மெயின் பம்புக்குள்ள டீசல் நிக்கற கேலரியோட ஸ்க்ரூ. அப்படியும் எடுக்கலன்னா மட்டும் சிலிண்டருக்குள்ள டீசல் பீய்ச்சற நாஸில் பக்கம் பைப் நட்டுகள்ல ரெண்டு மூணை மட்டும் அரை சுத்து லூஸ் பண்ணி செல்ஃப் அடிக்கணும். பத்து செகண்டுக்கு மேல செல்ஃப் பிடிக்காதீங்க, நடுவுல ஆற விடுங்க. நியூட்ரல், ஹேண்ட் பிரேக், சக்கரத்துக்கு கட்டை, மூணும் இருக்கணும்.

ஸ்பேனர்செட் | 10.09
அவர்தான் உடனே ஸ்டார்ட் ஆகுதுன்னு சொல்றாரே. அப்போ ஏர் எடுத்தது சரியாத்தான் இருக்கு. புதுசா ஏர் உள்ள வருது, அதுதான் பிரச்சனை. என் சந்தேகம் ஃபில்டர் கேஸ்கட். பழைய ரப்பர் ரிங் தலைலயே ஒட்டிட்டு இருந்திருக்கும், கவனிக்காம அது மேல புதுசு ஏறியிருக்கும். கழட்டி விரல விட்டு தடவிப் பாருங்க.

எஃப்ஐபி_பெஞ்ச் | 10.13
தப்பு. இந்த வண்டில ஃபில்டர் ரெண்டும் ஃபீட் பம்புக்கு அப்புறம் இருக்கு. அங்க அழுத்தம். லீக் இருந்தா டீசல் வெளில வரும், காத்து உள்ள போகாது. டேங்க்ல இருந்து ஃபீட் பம்ப் வரைக்கும்தான் உறிஞ்சு பக்கம். அங்க ஓட்டை இருந்தா ஒரு சொட்டு கூட வெளில தெரியாது, காத்த மட்டும் உள்ள இழுக்கும். ப்ரைமர் அடிச்சு நிறைச்ச டீசல் இருக்கற வரைக்கும் ஓடும், காத்து கேலரிக்கு வந்ததும் நிக்கும். அவர் சொல்றது அப்படியே இதுதான். ஃபில்டர் வெளில நனைஞ்சிருக்கா? அத மட்டும் சொல்லச் சொல்லுங்க.

மாதவரம்_டேங்கர் | 10.20
ஃபில்டர் காஞ்சிருக்கு.

ராயபுரம்_டீசல் | 10.24
நிறுத்தற கேபிள் முழுசா திரும்பலன்னாலும் இப்படி நிக்கும். பம்ப்ல ஸ்டாப் லீவர கையால ரன் பக்கம் தள்ளிப் பிடிச்சுட்டு ஓட்டிப் பாருங்க.

எஃப்ஐபி_பெஞ்ச் | 10.26
கேபிள் பிரச்சனைன்னா ப்ரைமர் அடிச்சதும் சரியாகாது. படிச்சுட்டு எழுதுங்க.

டிப்பர்_தம்பி | 10.28
அண்ணா, ப்ரைமர் குமிழ அடிச்சு முடிச்சதும் கீழ அழுத்தி மரை முழுசா திருகி டைட் பண்ணீங்களா? பாதில விட்டா அங்கயே காத்து இழுக்கும். அப்புறம் ஃபீட் பம்ப் பக்கம் வேற எதையாவது கழட்டினீங்களா?

மாதவரம்_டேங்கர் | 10.35
ப்ரைமர் டைட்தான். ஃபீட் பம்ப் அடில இருக்கற கண்ணாடி பவுல கழட்டி வலைய கழுவினேன். பழைய வாஷர் பிஞ்சுடுச்சு, ட்யூப் வெட்டி போட்டிருக்கேன். பவுல் பக்கத்துல டீசல் பைப்ப பிடிக்கற பேஞ்சோ போல்ட்டுக்கு (நடுவுல ஓட்டை உள்ளது) டெஃப்லான் டேப் சுத்தியிருக்கேன், அங்க ஏர் போக வாய்ப்பே இல்ல.

ஸ்பேனர்செட் | 10.37
இத முதல்லயே சொல்லியிருக்கலாமே தல!

எஃப்ஐபி_பெஞ்ச் | 10.44
ரெண்டுமே தப்பு. முதல்ல டேப். பேஞ்சோ போல்ட்ல மரை அடைக்கறதில்ல, ரெண்டு பக்கமும் உக்கார்ற காப்பர் வாஷர்தான் அடைக்குது. டேப் அங்க ஒண்ணும் பண்ணாது. அதோட துணுக்கு பிஞ்சு ஃபீட் பம்ப் வால்வுக்கு அடில போய் உக்காந்தா வால்வு மூடாது, ப்ரைமர் அடிச்சாலும் டீசல் ஏறாது. முழுசா சுரண்டி எடுங்க. காப்பர் வாஷர் ஒரு தடவை நசுங்கினா கெட்டியாயிடும். புதுசு இல்லன்னா பழசையே அடுப்புல சிவக்கக் காய்ச்சி தண்ணில போடுங்க, மறுபடி மெத்துனு ஆகும். கறுப்ப எமரி பேப்பர்ல தேய்ச்சு, சமமா இருக்கான்னு கண்ணாடி மேல வச்சுப் பாத்துட்டு மாட்டுங்க. அடுப்பு வேலைய டீசல் பக்கத்துல பண்ணாதீங்க.

அடுத்து ட்யூப். சைக்கிள் ட்யூபோ லாரி ட்யூபோ, அந்த ரப்பர் டீசல்ல ஊறினா உப்பும். மாட்டும்போது பிடிக்கும், கொஞ்ச நேரத்துல நெளிஞ்சு விளிம்புல இருந்து வழுக்கிடும். அங்க நைட்ரைல் ரப்பர் வேணும்.

கடைசி_கியர் | 10.47
நான் இன்னும் டீசல்தான்னு சொல்றேன். பாட்டில்ல தெரியலன்னா டேங்க் அடில இருந்து எடுத்துப் பாருங்க.

டிப்பர்_தம்பி | 10.52
இப்போ ஊகம் வேணாம், கேன் டெஸ்ட் போட்டா தெரிஞ்சுடும். டேங்க்ல இருந்து வர்ற ஹோஸ ஃபீட் பம்ப்ல கழட்டிட்டு, ஒரு புது ஹோஸ் மாட்டி அஞ்சு லிட்டர் கேன்ல விடுங்க. கேன கேபின் மேல வச்சுட்டு ஓட்டுங்க. நிக்காம ஓடினா டேங்க் லைன்ல கோளாறு, நின்னா ஃபீட் பம்ப்.

எஃப்ஐபி_பெஞ்ச் | 10.58
கேன மேல வச்சா டெஸ்ட் பொய் சொல்லும். மேல இருந்து டீசல் தானா இறங்கறதால பவுல்ல லீக் இருந்தாலும் காத்து போகாது, வண்டி ஓடும். நீங்க டேங்க் லைன்னு நெனச்சு ராத்திரி முழுக்க ஹோஸ் மாத்திட்டு இருப்பீங்க. கேன தரைல வைங்க, ஃபீட் பம்ப் மட்டத்துக்கு கீழ. ஓடினா டேங்க் ஹோஸ், நின்னா பவுலோ பேஞ்சோவோ. நின்னப்புறம் இஞ்சின அணைச்சுட்டு அதே கேன மேல தூக்கி வச்சு, ஃபீட் பம்ப சுத்தி துணியால துடைச்சு, டார்ச் அடிச்சுப் பாருங்க. காத்து போற இடத்துலயே இப்போ டீசல் சொட்டும்.

டிப்பர்_தம்பி | 11.01
ஆமா சார், அது சரிதான்.

ஏரிக்கரை | 11.05
குறுக்க வர்றேன். "ரேடியேட்டர் தண்ணி மாத்தினேன்"னு எழுதியிருக்கீங்களே, டேங்கர்ல இருந்த போர் தண்ணியவா ஊத்தினீங்க?

மாதவரம்_டேங்கர் | 11.07
ஆமா, அதுக்கென்ன. 12,000 லிட்டர் டேங்க் பின்னாடியே இருக்கு.

ஏரிக்கரை | 11.15
அந்த உப்புத் தண்ணில இருக்கற சுண்ணாம்பு லைனர் (பிஸ்டன் ஓடற குழாய்) வெளிப்பக்கமும் ஹெட் பாதைலயும் படிஞ்சு பக்கா கட்டியாகும். வெப்பம் வெளில போகாது, கேஜ் முள்ளு சரியா காட்டினாலும் ஹெட்டுக்குள்ள கொதிக்கும். கூலன்டும் டிஎம் வாட்டரும் (உப்பு எடுத்த தண்ணி) பாதிக்குப் பாதி கலந்து ஊத்துங்க.

ராயபுரம்_டீசல் | 11.18
சென்னைல எங்கய்யா பனி பெய்யுது, கூலன்ட் ஊத்தறதுக்கு? அது உறையாம இருக்க ஊத்தறது. பழைய லாரி எல்லாம் குழாத்தண்ணிலதான் ஓடிச்சு.

ஏரிக்கரை | 11.26
உறையறது பாதி வேலைதான். துருவ தடுக்கற மருந்து அதுலதான் இருக்கு, கொதி நிலையும் ஏறும். அதவிட முக்கியம், உங்க இஞ்சின்ல வெட் லைனர், அதாவது லைனர் வெளிப்பக்கம் நேரா தண்ணில நிக்கும். பிஸ்டன் அடிக்கற அதிர்வுல லைனர் வெளில தண்ணி குமிழ் உண்டாகி உடையும், உடையற இடத்துல இரும்பு புள்ளி புள்ளியா அரிச்சுட்டு உள்ள போகும். ஓட்டை விழுந்தா தண்ணி நேரா அடில இருக்கற ஆயில் தொட்டிக்கு. கூலன்ட் மருந்துதான் அந்த அரிப்ப தடுக்கறது. குழாத்தண்ணிலயும் ஓடும், ஆனா லைனர் மாத்தற செலவு கூலன்ட் காசுல வராது.

ராயபுரம்_டீசல் | 11.29
மெட்ரோ வாட்டர்?

ஏரிக்கரை | 11.32
போரவிட தேவலாம். பேட்டரிக்கு ஊத்தற டிஎம் வாட்டர் கேன் சுலபமா கிடைக்குது, அதுக்கு ஏன் யோசிக்கணும். பச்சை கூலன்ட் இருந்தா மேல ஆரஞ்சு ஊத்தாதீங்க, ரெண்டு வகை மருந்து சேர்ந்தா கூழ் மாதிரி ஆகலாம்.

கடைசி_கியர் | 11.34
ஆர்ஓ தண்ணி ஊத்தலாமா? வீட்டு மெஷின்ல வேஸ்ட்டா போற தண்ணி?

ஏரிக்கரை | 11.36
வேஸ்ட் தண்ணில தான் எல்லா உப்பும் சேர்ந்து வெளில வருது. அத ஊத்தினா போர் தண்ணியே பரவால்ல.

ஸ்பேனர்செட் | 11.38
இழை டீசல்ல ஆரம்பிச்சு தண்ணிக்கு வந்துடுச்சு. மாதவரம், கேன் டெஸ்ட் என்னாச்சு?

பிஎஸ்6_ஓனர் | 11.47
இதே ஏர் எடுக்கற வேலைய என் புது லோடு வண்டிக்கும் நானே பண்ணலாமா? நாஸில் நட் லூஸ் பண்றது?

எஃப்ஐபி_பெஞ்ச் | 11.51
கூடவே கூடாது. காமன் ரெயில்ல 1000 பாருக்கு மேல அழுத்தம், நட் லூஸ் பண்ணி ஓட்டினா ஜெட் தோல கிழிச்சு டீசல உள்ள ஏத்தும். வெளில ஊசி குத்தின மாதிரிதான் தெரியும், உள்ள சதை அழுகும், உடனே ஆஸ்பத்திரி போகணும். பழைய நாஸில் கூட 200 பார் அளவுக்கு பீய்ச்சும், கைய நீட்டாதீங்க. உங்க வண்டில ஃபில்டர் பக்கம் கை பம்போ எலக்ட்ரிக் பம்போ இருக்கும், கையேட்ல போட்டிருக்கற முறைல மட்டும் ஏர் எடுங்க.

மாதவரம்_டேங்கர் | 12.48
கேன் தரைல வச்சேன், நின்னுச்சு. மேல வச்சு டார்ச் அடிச்சா பவுல் விளிம்புல ஒரு பக்கம் மட்டும் டீசல் முத்து முத்தா கோத்து, பவுல பிடிக்கற வில் கம்பி மேல இறங்குது. பேஞ்சோ காஞ்சிருக்கு.

எஃப்ஐபி_பெஞ்ச் | 12.53
ட்யூப தூக்கி எறிங்க. இந்நேரத்துக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்ல ஸ்பேர் பார்ட்ஸ் கடை திறந்திருக்காது. பழைய டீசல் ஃபில்டர் பெட்டியோட வந்த ரிங் ஏதாவது சும்மா கிடக்கா பாருங்க, அது டீசல் ரப்பர்தான், விட்டம் பொருந்தினா போடுங்க. இல்லன்னா கெட்டி கார்க் ஷீட்டோ ஆயில் கேஸ்கட் பேப்பரோ பவுல் வாய வச்சு வரைஞ்சு வெட்டி போடுங்க. ஒரு நாளைக்குத் தாங்கும். பவுல் விளிம்பு உடைஞ்சிருக்கான்னு நகத்தால தடவுங்க. அடி நட்ட விரலால மட்டும் டைட் பண்ணுங்க, பிளையர் போட்டா கண்ணாடி விரிசல் விடும். டேப்ப எடுக்க மறக்காதீங்க.

மாதவரம்_டேங்கர் | 1.55
ரிங் பொருந்திச்சு. அரை மணி நேரமா ஓடுது. கிளம்பறேன், நன்றி.

ஏரிக்கரை | 1.58
ரேடியேட்டர்?

ஸ்பேனர்செட் | காலை 7.10
டேப் எடுத்தாரா இல்லையான்னு சொல்லவே இல்ல.

உழவன்_பொன்னேரி | 11.20
எங்க டிராக்டருக்கும் இதே மாதிரி நிக்குதுங்க, ஆனா ப்ரைமர் அடிச்சாலும் எடுக்க மாட்டேங்குது. என்ன பண்ணலாம்?

எஃப்ஐபி_பெஞ்ச் | 11.24
அது வேற கோளாறு. என்ன மாடல், என்ன பம்ப், கடைசியா எத கழட்டினீங்க, மூணையும் எழுதி புது இழை போடுங்க.