அகத்தித் தீவு டிஎக்ஸ் பயணம்: பீமா, வெர்ட்டிகலா? இரண்டு ரிக்கும் ஒரே கரையில் ஓடுமா?

கரைவலை:
வணக்கம். பிப்ரவரியில் லட்சத்தீவு அகத்தியில் ஏழு நாள் அமெச்சூர் வானொலி நிலையம் போட்டு, உலகெங்கும் உள்ள வானொலிக்காரர்களுடன் தொடர்புகொள்ளத் (டிஎக்ஸ்) திட்டம் போட்டிருக்கிறோம். ஆறு பேர், 100 வாட் ரிக் (வானொலிக் கருவி) இரண்டு. கொச்சியிலிருந்து நாலு பேர் விமானத்தில், இரண்டு பேர் கப்பலில். பீமும் (ஒரு திசை நோக்கும் ஆன்டெனா) லீனியரும் (சக்தி பெருக்கி) தூக்கிக்கொண்டு போகலாம் என்கிறார்கள் பாதிப் பேர். வெர்ட்டிகலே (செங்குத்துக் கம்பி ஆன்டெனா) போதும் என்பது மீதிப் பேரின் கட்சி. எது சரி? இரண்டு நிலையமும் ஒன்றையொன்று கெடுக்காமல் ஓட என்ன செய்ய வேண்டும்? தீவுக் கரண்டை நம்பலாமா? நடுவில் ஒரு நாள் பக்கத்துத் தீவான பங்காரத்துக்கும் போய்வந்தால் பலன் உண்டா?

உப்புக்காற்று:
பீமை வீட்டிலேயே விட்டுவிடுங்கள் ஓஎம் (நண்பரே). கடல் விளிம்பில் நிற்கும் வெர்ட்டிகலுக்கு உப்புநீரே கண்ணாடி மாதிரி. அலை மிகத் தாழ்ந்த கோணத்தில் கிளம்பும். ஐந்து மீட்டர் உயரத்தில் மாட்டிய பீமால் அந்தக் கோணத்தை எட்ட முடியாது. ஆனால் அதே வெர்ட்டிகலைத் தென்னந்தோப்புக்குள் ஐம்பது மீட்டர் தள்ளி நட்டால் இந்த லாபம் பெரும்பாலும் போய்விடும். பவுர்ணமி, அமாவாசை ஏற்றத்தின் ஈரக்கோட்டைப் பார்த்து, அதற்குச் சற்று மேலே நடுங்கள்.

வெர்ட்டிகல் கம்பியின் கால் அலை நீளத்துக்கு 71.5-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மீட்டர் கிடைக்கும். 7.05-க்கு 10.1, 14.1-க்கு 5.1, 21.1-க்கு 3.4. பிவிசி உறை உள்ள கம்பி என்றால் இரண்டு மூன்று சதவீதம் குறையும். முதலில் நீளமாக வெட்டி, அனலைசரில் பார்த்துப் பார்த்துக் கத்தரியுங்கள். 12 மீட்டர் ஃபைபர் கம்பம் 40 மீட்டர் பேண்டுக்கும் (7 மெகாஹெர்ட்ஸ்) போதும். ரேடியலை, அதாவது வெர்ட்டிகலின் அடியிலிருந்து பக்கவாட்டில் போகும் கம்பிகளை, தரையில் பரப்ப வேண்டாம்; ஒவ்வொரு பேண்டுக்கும் இரண்டு, எதிரெதிர்த் திசையில், ஒன்றரை மீட்டர் உயரத்தில் கட்டுங்கள். 40 மீட்டருக்கான கம்பி 21 மெகாஹெர்ட்ஸிலும் எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனா பொருத்தத்தின் அளவு, 1-ஐ ஒட்டினால் நல்லது) நன்றாகக் காட்டும், அதை நம்பி ஏமாற வேண்டாம். அங்கே அது முக்கால் அலை, சக்தி உயரே போய்விடும். 15 மீட்டர் பேண்டுக்கு (21 மெகாஹெர்ட்ஸ்) தனிக் கம்பி போடுங்கள்.

பவளமணலில் முளை நிற்காது, இரவுக் காற்றில் பிடுங்கிக்கொள்ளும். காலி உரச்சாக்கில் மணலை நிரப்பி அரை மீட்டர் ஆழத்தில் புதைத்து, அதில் கயிறு கட்டுங்கள். பவளக்கல்லைப் பெயர்த்து எடுக்கவே கூடாது. தென்னைக்கு நேர் கீழேயும் வேண்டாம், மட்டை விழுந்தால் ரேடியல் அறுந்துவிடும்.

சோல்டர்மணி:
அவர் சொன்னது அத்தனையும் சரி. கோஆக்ஸ் (ரிக்கை ஆன்டெனாவோடு இணைக்கும் கேபிள்) பற்றி ஒன்று. 30 மீட்டர் ஆர்ஜி-213 சுமார் நாலரை கிலோ. அதே நீளம் ஆர்ஜி-58 ஒரு கிலோ சொச்சம்தான். 14 மெகாஹெர்ட்ஸில் இரண்டுக்கும் இழப்பு வித்தியாசம் சுமார் ஒரு டெசிபல்தான். விமானத்தில் போகிறவர்களுக்கு ஆர்ஜி-58 போதும்.

இரண்டு ரிக் விஷயத்தில்தான் நிறையக் குழுக்கள் மாட்டிக்கொள்கின்றன. 7.010-இல் ஒருவர் அனுப்பினால் 14.020-இலும் 21.030-இலும் ஹார்மோனிக் (இரண்டு, மூன்று மடங்கு அலைவரிசையில் கசியும் அலை) வந்து நிற்கும். ஆன்டெனாக்களுக்கு இடையே குறைந்தது 100 மீட்டர் விடுங்கள். அது மட்டும் போதாது, ஒவ்வொரு ரிக்குக்கும் அந்தந்த பேண்டின் பேண்ட்பாஸ் ஃபில்டர் (அந்த பேண்டை மட்டும் விடும் வடிகட்டி) கட்டாயம். ரிக்குக்கும் டியூனருக்கும் (ஆன்டெனாவை ரிக்குக்குப் பொருத்தும் பெட்டி) நடுவில் மாட்டுங்கள். டியூனருக்கு அப்பால் மாட்டினால் 50 ஓம் கிடைக்காமல் ஃபில்டர் சூடேறிக் கருகும். ஃபீட்பாயின்ட்டில் (கோஆக்ஸ் ஆன்டெனாவில் சேரும் இடம்) எஃப்டி240-31 ஃபெரைட் வளையத்தில் ஆர்ஜி-58-ஐ 12 சுற்று சுற்றி சோக் வையுங்கள். இல்லாவிட்டால் கோஆக்ஸின் மேலுறையே ஆன்டெனாவாகி, லேப்டாப் இரைச்சலை ரிசீவருக்குள் கொண்டுவரும்.

எஸ்டபிள்யூஆர் மாலையில் 1.3 இருந்து விடிகாலையில் 2-க்கு மேல் ஏறினால் கம்பியைத் தொடாதீர்கள். ஃபீட்பாயின்ட் டப்பாவைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். இரண்டு முனைகளுக்கு நடுவே வெள்ளையாக, ஈரம் கோத்த உப்புப் படலம் இருக்கும். நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்தால் சரியாகிவிடும். கோஆக்ஸ் முனையின் பிஎல்-259 இணைப்பி மேல் முதலில் தானாக ஒட்டும் ரப்பர் டேப், அதன் மேல் பிவிசி டேப். வெறும் பிவிசி இரண்டே நாளில் பிசுபிசுத்துக் கழன்றுவிடும்.

கரண்டுக்கு வருவோம். 100 வாட் ரிக் அனுப்பும்போது 13.8 வோல்ட்டில் 22 ஆம்பியர் வரை இழுக்கும். எஸ்எம்பிஎஸ் (மின்வழங்கி) இழப்பையும் சேர்த்தால் 360 வாட். இரண்டு ரிக், இரண்டு லேப்டாப்புக்கு 1 கேவிஏ போதும். லீனியர் வந்தால் இந்தக் கணக்கே மாறிவிடும். தீவுக் கரண்டில் ஓட்டுங்கள், ஆனால் ஒவ்வொரு ரிக்குக்கும் இணையாக ஒரு லித்தியம் பாஸ்பேட் பேட்டரி இருக்கட்டும். 100 ஏஹெச் பேட்டரி 1280 வாட்-மணி. பயணிகள் விமானத்தின் உச்ச வரம்பு 160. அதனால் அது கப்பலில் வருகிறவர்கள் பொறுப்பு.

நீலத்திட்டு:
பங்காரத்துக்குப் போவது கடலைப் பார்க்க நல்லது, கணக்குக்குப் பலன் இல்லை. டிஎக்ஸ்சிசி (அமெச்சூர்கள் தொடர்புகொண்ட நாடுகளை எண்ணும் விருது) பட்டியலில் லட்சத்தீவு முழுக்க ஒரே இடம்தான். தீவுகளை எண்ணும் ஐஓடிஏ திட்டத்தின் எண்ணும் அகத்திக்கும் பங்காரத்துக்கும் ஒன்றே, ஏஎஸ்-011. ஆன்டெனாவைப் பிரித்து மறுபடி நட ஒரு நாள் வீணாகும். அந்த நாளை மேற்கு அமெரிக்காவுக்கு ஒதுக்குங்கள். இங்கிருந்து அவர்களுக்கான பாதை துருவத்தை ஒட்டிப் போகிறது. சூரிய உதயம், அஸ்தமனத்தை ஒட்டிய கொஞ்ச நேரமே கிடைக்கும். அந்நேரத்தில் ஐரோப்பா எவ்வளவு சத்தமாகக் கூப்பிட்டாலும் பொறுக்கச் சொல்ல வேண்டும்.

தீவு நுழைவு அனுமதி வேறு, லட்சத்தீவுக்கான வி.யு.7 அழைப்புக்குறி முன்னொட்டுடன் இயங்க டெல்லி டபிள்யூபிசி (வானொலி உரிமம் தரும் மத்திய அரசு அமைப்பு) தரும் அனுமதி வேறு. இரண்டாவது கையில் வருமுன் டிக்கெட் எடுக்காதீர்கள். எல்லாக் கருவிக்கும் வரிசை எண்ணோடு பட்டியல், ஆறு நகல். சாட்டிலைட் போன் எடுத்துப் போகாதீர்கள், அதற்குத் தனி அனுமதி வேண்டும்.

கரைவலை:
மிக்க நன்றி. பீமும் பங்காரமும் ரத்து. எஃப்டி8 (கணினி வழி டிஜிட்டல் தொடர்பு) ஃபாக்ஸ் முறையில் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்குப் பதில் தரலாமா?

சோல்டர்மணி:
100 வாட்டில் வேண்டாம். ஐந்தாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் 4 வாட்தான், அதாவது 14 டெசிபல் இறக்கம். இரண்டு என்றால் தலா 25 வாட். அதோடு நிறுத்துங்கள். எல்லோரும் வழக்கமாக எஃப்டி8 இயக்கும் 14.074-இல் ஃபாக்ஸ் போடக் கூடாது, வேறு அலைவரிசையை முன்பே அறிவியுங்கள். நெட் இல்லாமல் கடிகாரம் நகர்ந்தால் டிகோட் பட்டியலின் டிடி (நேர வித்தியாசம், விநாடியில்) பத்தியைப் பாருங்கள். எல்லோருக்கும் 0.8 என்று காட்டினால் தப்பு உங்கள் கடிகாரத்தில்தான்.

நீலத்திட்டு:
இன்னொன்று. 2004 டிசம்பரில் அந்தமானில் இயங்கிக்கொண்டிருந்த குழு, 26-ஆம் தேதி சுனாமி வந்ததும் பைலப்பை (ஒரே நேரத்தில் கூப்பிடும் கூட்டத்துக்குப் பதில் தருவதை) நிறுத்திவிட்டு போர்ட் பிளேரிலிருந்து அவசரச் செய்திகளைக் கடத்தியது. உங்களிடமும் அந்தத் தயார்நிலை இருக்க வேண்டும். பக்கத்துக்கு 10.1 மீட்டராக ஒரு 40 மீட்டர் டைபோல் (நடுவில் கோஆக்ஸ் சேரும் இருபக்கக் கம்பி ஆன்டெனா), இரண்டு தென்னைக்கு நடுவே ஐந்து மீட்டர் உயரத்தில் கட்டிவிடுங்கள். வெர்ட்டிகலின் அலை தாண்டிக் குதித்துவிடும் கொச்சிக்கு, பகலில் இதுதான் சரியாக இறங்கும். தினம் காலை ஒன்பதுக்கு கொச்சியில் ஒருவருடன் பேட்டரியில் மட்டும் பேசிச் சோதியுங்கள்.