கோதிக் "உஹ்"-இல் உகரம் எங்கிருந்து வந்தது?

கல்தச்சன்:
வடமீன் நேற்று இங்கே எழுதியது: "ஆதி இந்தோ-ஐரோப்பிய 'க்வெ' என்ற இடைச்சொல்தான் லத்தீன் க்வே, கிரேக்கத் தெ, சமஸ்கிருதச் ச, கோதிக் உஹ். சந்தேகமே இல்லை." படித்ததும் எரிச்சல்தான் வந்தது. நான்கும் 'உம்' என்று பொருள் தரும் ஒட்டுகள், கோதிக் ஒரு பழைய ஜெர்மானிய மொழி. முதல் மூன்றும் சரி. 1952இல் வென்ட்ரிஸ் வாசித்த லீனியர் பி (மிகப் பழைய கிரேக்க எழுத்து) பலகைகளில் 'க்வெ' என்ற அசையே நிற்கிறது. ஆனால் கோதிக்கில் அந்த உகரம் எப்படி வந்தது?

வடமீன்:
ஜெர்மானிய மெய்களின் மாற்றத்தைச் சொல்லும் கிரிம் விதிப்படி க்வ் ஹ்வ் ஆகும், கடைசி எகரம் விழும். லத்தீன் நெக்வே, கோதிக் நிஹ், இரண்டுக்கும் '-உம் இல்லை' என்று பொருள். லத்தீன் க்விஸ்க்வே, கோதிக் ஹ்வஃஜுஹ் (ஃஜ் என்பது ஆங்கில z ஒலி), இரண்டுக்கும் 'ஒவ்வொருவரும்' என்று பொருள். இதற்கு மேல் என்ன வேண்டும்?

கல்தச்சன்:
உகரம் வேண்டும். கேட்டதே அதுதான். போகட்டும், ஹகரமாவது ஒழுங்காக வருகிறதா? 'பார்த்தான்' என்பதற்குக் கோதிக்கில் சஹ்வ், அங்கே ஹ்வ் அப்படியே இருக்கிறது. நிஹ்-இல் மட்டும் ஏன் வெறும் ஹ்?

வடமீன்:
அழுத்தம் இல்லாத ஒட்டு, உதட்டொலி கழன்றுவிட்டது. உகரம் வெறும் துணை உயிர், உச்சரிக்க எளிதாக இடையில் நுழைந்தது. 'ச' என்ற கோதிக் சுட்டுச் சொல்லோடு சேர்ந்தால் சஹ், உகரமே கிடையாது. மெய்க்குப் பின்தான் வருகிறது.

கல்தச்சன்:
அகரத்துக்குப் பின் உகரம் கெட்டது, அவ்வளவுதான். ஹ்வஸ் ('யார்') தனியே நின்றால் இறுதியில் ஸ். ஹ்வஃஜுஹ்-இல் ஃஜ். கோதிக்கில் ஃஜ் சொல்லின் இறுதிக்கு வந்தால் ஸ் ஆகிவிடும். இங்கே ஆகவில்லை. அப்படியென்றால் அந்த மாற்றத்துக்கு முன்பே உகரம் அங்கே இருந்திருக்கிறது. வேதத்தில் 'உ' என்று தனி இடைச்சொல்லே உண்டு. உ, க்வெ இரண்டும் சேர்ந்ததுதான் உஹ்.

மேகலை:
'ஃஜ' என்று யார் எழுதச் சொன்னது? ஆய்தத்தை இப்படி இழுத்தடிப்பதைப் பார்க்கவே சகிக்கவில்லை.

கல்தச்சன்:
வேறு எழுத்து இருந்தால் கொடுங்கள். இல்லையென்றால் உகரத்தைப் பற்றிப் பேசுங்கள்.

மேகலை:
பேசுகிறேன். ஹிட்டைட் என்ற பழைய இந்தோ-ஐரோப்பிய மொழியில் 'தக்கு'வின் பொருள் 'என்றால்'. அதிலும் க்வெ இருக்கிறது. ரிக் வேதத்திலும் 'ச' சில இடங்களில் 'என்றால்' என்றே வருகிறது. 'உம்' தான் மூலப்பொருள் என்று இருவரும் எப்படி முடிவு கட்டினீர்கள்?

வடமீன்:
யாரும் முடிவு கட்டவில்லை. ஹிட்டைட் இழையிலும் இப்படித்தான் நடுவில் புகுந்து திசைதிருப்பினீர்கள். அன்று கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை.

மேகலை:
பதில் சொன்னேன். படிக்காதது உங்கள் குற்றம்.

கல்தச்சன்:
உங்கள் பழைய கணக்கை வேறு இடத்தில் தீர்த்துக்கொள்ளுங்கள். வுல்ஃபிலா 4ஆம் நூற்றாண்டில் கோதிக்கில் மொழிபெயர்த்த பைபிளைத் திறந்து பாருங்கள், அதன் படியான வெள்ளிச் சுவடி ஸ்வீடனின் உப்சாலாவில்தான் இருக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் உஹ். வடமீன், உகரம் எங்கிருந்து?

வடமீன்:
உகரம் பழையது என்பதாலேயே துணை உயிர் இல்லை என்று ஆகிவிடாது. முன்பே தோன்றிய துணை உயிராக இருக்கலாம்.

கல்தச்சன்:
நேற்று "சந்தேகமே இல்லை", இன்று "இருக்கலாம்". பதிவைத் திருத்துங்கள்.

வடமீன்:
திருத்த மாட்டேன். நிஹ், நெக்வே இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கல்தச்சன்:
நிஹ்-இல் உகரமே இல்லையே ஐயா. நான் கேட்பது ஹ்வஃஜுஹ்.