பிளாஸ்மாவில் நுண்தூளைப் பதப்படுத்துவது: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

ஆய்வு மாணவி, தஞ்சாவூர்:

உமிச்சாம்பலில் இருந்து எடுக்கிற சிலிக்காதான் (மணலில் இருக்கிற அதே பொருள்) என் வேலை. நம் பக்கத்தில் உமிக்குப் பஞ்சமே இல்லை. நெல் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உமி, அதை எரித்தால் அதிலும் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல், அந்தச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. ஆனால் ரப்பருக்கு உறுதி கூட்ட அதைக் கலக்கப் போனால் தொல்லை. சிலிக்காத் துகளின் மேல் ஹைட்ராக்சில் தொகுதிகள் இருப்பதால் அது தண்ணீரோடு சேரும், ரப்பரோடு சேராமல் தனக்குள்ளேயே கட்டிகட்டியாக ஒட்டிக்கொள்ளும். இதற்கு ஆய்வகங்களில் சிலேன் என்ற ரசாயனத்தை டொலுவீன் மாதிரி ஒரு கரைப்பானில் கலந்து, தூளை அதில் போட்டுச் சூடாக்கி, கழுவி உலர்த்துவார்கள். கழுவிய கரைப்பானை என்ன செய்வது? வெண்ணாறும் வெட்டாறும் வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து வயலுக்குள் போகிற ஊரில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியை ஒதுக்க என்னால் முடியவில்லை.

அப்புறம்தான் வேறொரு ஆய்வகத்தில் பிளாஸ்மா கருவியைப் பார்த்தேன். ஒரு கண்ணாடி உருளை, பம்ப் வைத்து உள்ளிருக்கும் காற்றை இழுத்துவிட்டு, வேண்டிய வாயுவைக் கொஞ்சமாக விட்டு, உயர் அதிர்வெண் மின்சாரம் கொடுக்கிறார்கள், உள்ளே ஒளிர ஆரம்பிக்கிறது. அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிரிந்து ஒளிர்கிற அந்த வாயுதான் பிளாஸ்மா. எலக்ட்ரான்களுக்கு மட்டும் பல்லாயிரம் டிகிரிக்கு ஈடான ஆற்றல், வாயுவோ அறை வெப்பத்தை ஒட்டியே இருக்கும். அதனால் துகளின் உட்பகுதிக்கு ஒன்றும் ஆவதில்லை, மேலே சில நானோமீட்டர்தான் மாறுகிறது. ஆக்ஸிஜன் விட்டால் தண்ணீரை இழுக்கும் தொகுதிகள் மேலே உருவாகும், அசிட்டிலீன் விட்டால் ரப்பரோடு ஒத்துப்போகிற மெல்லிய படலம் படியும். அன்று ஆக்ஸிஜனில் வைத்து எடுத்தது கார்பன் பிளாக், டயர் ரப்பரில் கலக்கிற கரித்தூள். வைக்காத தூள் தண்ணீரின் மேலே படர்ந்து நனையவே மாட்டேன் என்று நின்றது, வைத்து எடுத்தது மை மாதிரி கலந்துவிட்டது. கழுவுநீர் ஒரு சொட்டு இல்லை. எனக்கு மெய்சிலிர்த்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

ரைஸ் மில், மன்னார்குடி பக்கம்:

எங்கள் பாய்லரில் உமிதான் எரிக்கிறோம். சாம்பலைக் கொட்ட இடம் தேடுவதே தனி வேலை, காற்றடித்தால் அக்கம்பக்கத்து வீட்டு மாடியெல்லாம் கறுப்பு. வாங்க வந்தவர் ஒருவர் ஒரு பிடி எடுத்துப் பார்த்துவிட்டு, கரி அதிகம் என்று போய்விட்டார். தங்கச்சி, நீங்கள் சொல்கிற முறை மூட்டைக் கணக்கில் ஓடுமா?

கருவி வடிவமைப்பு, நாகப்பட்டினம்:

அண்ணே, சிக்கலே அங்கேதான். தட்டில் பரப்பிய தூளில் மேலே கிடக்கிற துகளுக்குத்தான் பிளாஸ்மா படும், அடியில் கிடப்பது அப்படியே இருக்கும். களத்தில் நெல்லைக் காலால் கிளறிவிட்டுக் காய வைக்கிற மாதிரி, தூளையும் விடாமல் புரட்ட வேண்டும். அதற்குச் சுழலும் உருளை வைக்கிறோம், இல்லையென்றால் அடியிலிருந்து வாயுவை ஊதித் தூளை மிதக்க விடுகிறோம். நான் இருந்த குழுவில் மின்சாரப் பகுதி சீக்கிரம் முடிந்தது, நுண்தூள் பம்புக்குள் போகாமல் தடுப்பதுதான் உயிரை வாங்கியது. துகள் சிறிதாகச் சிறிதாக ஒன்றோடொன்று ஒட்டி, ஊதினாலும் பிரியாது. மூட்டைக் கணக்குக்குப் போக இன்னும் உழைப்பு தேவை, ஆனால் செய்யத் தக்க உழைப்பு.

இன்னொன்று. பிளாஸ்மா என்றாலே சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று எழுதிவிடாதீர்கள். தண்ணீர் ஒட்டாத பரப்பு வேண்டும் என்று சிலர் கார்பன் டெட்ராஃபுளோரைடு விடுகிறார்கள், அது கரியமில வாயுவைவிட ஆயிரக்கணக்கான மடங்கு புவியைச் சூடாக்கும். வெற்றிடம் இல்லாமல் திறந்த காற்றில் ஓட்டினால் ஓசோன் வரும், அதை வடிகட்டித்தான் வெளியே விட வேண்டும். பிளாஸ்டிக் தூளாக இருந்தால் பதப்படுத்திய தன்மை நாள்பட நாள்பட மங்கும், உடனே கலந்துவிடுவது நல்லது.

ஆய்வு மாணவி, தஞ்சாவூர்:

சரியாகச் சொன்னீர்கள் சார். வாயுவின் பெயரைக் கேட்காமல் இனி நானும் எதையும் பசுமை முறை என்று சொல்லப்போவதில்லை.

மில் அண்ணனுக்கு: பாய்லருக்குள் சூடு எவ்வளவு போகிறது, உமி எவ்வளவு நேரம் உள்ளே கிடக்கிறது என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். 700 டிகிரியைத் தாண்டி நெடுநேரம் எரிந்தால் சிலிக்கா படிகமாக மாறத் தொடங்கும், அந்தத் தூசி நுரையீரலுக்குக் கெடுதல். சாம்பல் அள்ளுகிற ஆட்களுக்குத் துண்டு கட்டினால் போதாது, நுண்தூசியைத் தடுக்கிற முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள். கரி அதிகம் என்றாலும் பரவாயில்லை, ஒரு பை சாம்பல் தாருங்கள், நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.