கேமிங் பிசி: தனி 1 டிபி என்விஎம்இயோ, 500 ஜிபி என்விஎம்இயும் 2 டிபி ஹாட் டிஸ்க்கும் சேர்த்தோ?

பாலியாறு:
கிளிநொச்சிப் பக்கம் பரந்தனில வைச்சுப் பாவிக்க ஒரு கேமிங் பிசி சேர்க்கிறம். முடிவான சாமான்: ரைசன் 5 5600, பி450 மதர்போர்ட், 8 ஜிபி டிடிஆர்4 3200 ராம் இரண்டு, ஆர்எக்ஸ் 6600 கார்ட், 550 வாட் பவர் சப்ளை. மொனிட்டர் 1080பி, 75 ஹெர்ட்ஸ். வலரன்ட், ஜிடிஏ 5, ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2, சைபர்பங்க் 2077 விளையாடத்தான். இன்டர்நெட் 4ஜி ரூட்டர், மாத டேட்டா பக்கேஜ்.

மிச்சக் காசுக்கு இரண்டு வழி இருக்கு. 1 டிபி என்விஎம்இ (மதர்போர்ட்டில நேரே குத்துற வேகமான எஸ்எஸ்டி) மட்டும் போடலாம், இல்லாட்டி 500 ஜிபி என்விஎம்இயோட 2 டிபி ஹாட் டிஸ்க் போடலாம். யூபிஎஸ் (கரண்ட் போனால் கொஞ்ச நேரம் தாங்கிற பற்றரிப் பெட்டி) பிறகு பாப்பம் எண்டு விட்டிருக்கு. எது சரி?

முத்தையன்கட்டு:
1 டிபி தனியே. இதில் யோசிக்க எதுவும் இல்லை.

500 ஜிபி என்று பெட்டியில் இருந்தாலும் விண்டோஸ் காட்டுவது 465தான். விண்டோஸுக்கும் அப்டேட்டுக்கும் 60 போகும். எஸ்எஸ்டியை வாய்வரை நிரப்பினால் எழுதும் வேகம் விழும், அதனால் 15 சதவீதமாவது காலியாக விட வேண்டும். மிஞ்சுவது 335 அளவில். ரெட் டெட் 2 மட்டும் 150, ஜிடிஏ நூறுக்கு மேல், சைபர்பங்க் 70. அவ்வளவுதான், நிரம்பிவிட்டது.

ஹாட் டிஸ்க்கில் வைத்து விளையாடலாம் என்றும் நினைக்க வேண்டாம். 7200 ஆர்பிஎம் தட்டு ஒரு சுற்றுச் சுற்ற 8.3 மில்லிசெக்கன் எடுக்கும். ஊசி இடம் தேடும் நேரத்தையும் கூட்டினால் ஒரு சிறு துண்டை எடுக்க 12, 13 மில்லிசெக்கன், அதாவது செக்கனுக்கு 80 துண்டு. மலிவான எஸ்எஸ்டிகூட பத்தாயிரக்கணக்கில் எடுக்கும். திறந்த உலக கேமில் வாகனத்தை வேகமாக ஓட்டும்போது முன்னால் உள்ள கட்டடம் களிமண் பிடித்தமாதிரி மங்கலாக நின்று, கிட்டப் போன பிறகு தெளிவது இதனால்தான். சைபர்பங்க் 2023 செப்டெம்பர் 2.0 அப்டேட்டுக்குப் பிறகு குறைந்தபட்சத் தேவையிலேயே எஸ்எஸ்டி கேட்கிறது. ஸ்டார்ஃபீல்ட், பால்டர்ஸ் கேட் 3 இரண்டும் அப்படியே.

இரணைமடு:
ஹாட் டிஸ்க்கில விளையாடச் சொல்லி ஒருத்தரும் சொல்லேல்லை அண்ணை. கொழும்பில ஃபைபர் லைன் வைச்சிருக்கிற ஆளுக்கு உங்கட கணக்குச் சரி. இங்க கணக்கு வேற.

4ஜியில 10 எம்பிபிஎஸ் நிண்டு பிடிக்குது எண்டு வையுங்கோ. 100 ஜிபி இறக்க 22 மணித்தியாலம் வேணும். பின்னேரம் ஊர் முழுக்க ஒரே டவரில ஏறின நேரம் அந்த 10உம் இல்லை. வேகத்தைவிடப் பெரிய பிரச்சினை டேட்டா. 1 டிபி நிரம்பின அண்டைக்கு ரெட் டெட் 2ஐ அழிச்சா, திரும்ப விளையாட ஆசை வாற நேரம் 150 ஜிபி முதலில இருந்து இறக்கோணும். ஒரு மாதப் பக்கேஜ் அதோட சரி.

அறுவடை நெல்லை மூட்டையில வைச்சு, வேண்டியதை மட்டும் மில்லுக்குக் கொண்டு போறம்தானே. ஹாட் டிஸ்க் அந்த மூட்டை. ஸ்டீமில (கேம் வாங்கி இறக்கிற ஆப்) செட்டிங்ஸ், ஸ்டோரேஜ் போய் ஹாட் டிஸ்க்கை இரண்டாவது இடமாச் சேர்க்கிறது. விளையாடி முடிச்ச கேமை அதில நிண்டே மூவ் பண்ணுறது. 100 ஜிபி செக்கனுக்கு 150 எம்பியில போனா 11 நிமிசம். திரும்ப எடுக்கவும் அதேயளவு. 22 மணித்தியாலத்துக்குப் பதிலா 11 நிமிசம், ஒரு எம்பி டேட்டாவும் இல்லை.

முத்தையன்கட்டு:
அந்த 150 எம்பி எந்த டிஸ்க்கில் என்று சொல்லுங்கள். மலிவான 2 டிபி டெஸ்க்டாப் டிஸ்க்குகளில் பல எஸ்எம்ஆர் வகை. கிடுகு வேய்ந்தமாதிரி ஒரு தடத்தின் ஓரத்தின் மேல் அடுத்த தடம் ஏறிக் கிடக்கும். கீழே உள்ள ஒரு கிடுகை மாற்ற மேலே கிடப்பதை எல்லாம் தூக்கித் திரும்ப வேய வேண்டும். புது டிஸ்க்கில் முதல் தடவை எழுதும்போது தெரியாது. பாதி நிரம்பி, நடுவில் அழித்து அழித்து எழுதும்போது செக்கனுக்கு 20, 30 எம்பிக்கு விழும். ஸ்டீம் அப்டேட் பெரிய ஃபைலின் நடுவில் துண்டு துண்டாக மாற்றுகிற வேலை, எஸ்எம்ஆருக்கு அதைவிட மோசமான வேலை கிடையாது. டவுன்லோட் 2 ஜிபிதான் இருக்கும், 'பேட்சிங்' என்று போட்டுக்கொண்டு மணிக்கணக்கில் நிற்கும்.

சொல்லாமல் எஸ்எம்ஆர் விற்றது 2020இல் வெளியில் வந்த பிறகு சீகேட்டும் வெஸ்டர்ன் டிஜிட்டலும் எந்த மாடல் எந்த வகை என்று தங்கள் தளத்தில் போட்டிருக்கின்றன. லேபிளில் உள்ள மாடல் இலக்கத்தை அதில் பார்க்காமல் வாங்கக்கூடாது.

இரணைமடு:
எஸ்எம்ஆர் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. ஆனா அது அப்டேட்டுக்குத்தான் பிரச்சினை, வைச்சு எடுக்கிறதுக்கு இல்லை. ஹாட் டிஸ்க்கில கிடக்கிற ஒவ்வொரு கேமுக்கும் புரொப்பட்டீஸில அப்டேட்ஸ் போய், 'கேமைத் திறக்கிற நேரம் மட்டும் அப்டேட்' எண்டதைத் தெரிவு செய்யோணும். பிறகு என்விஎம்இக்கு எடுத்துப்போட்டு அங்க வைச்சு அப்டேட் பண்ணுறது. விளையாடாத கேமுக்கு டேட்டா போறதும் நிக்கும்.

எஸ்எஸ்டியிலயும் அதே பொறி இருக்கு, அதை நீங்கள் சொல்லேல்லை. கியூஎல்சி எண்டா ஒரு செல்லுக்குள்ள நாலு பிட். முன்னால ஒரு கேஷ் வைச்சு அந்த மந்தத்தை மறைக்கிறது. சாம்சங் 870 கியூவிஓ 1 டிபியை எடுங்கோ: கேஷ் ஆகக் கூடினது 42 ஜிபி, அது முடிய செக்கனுக்கு 80 எம்பி, சாம்சங்கே குடுக்கிற கணக்கு. 100 ஜிபி கேமில மிச்ச 58 ஜிபிக்கு மட்டும் 12 நிமிசம். நல்ல ஹாட் டிஸ்க் முழுவதையும் 11 நிமிசத்தில எழுதி முடிச்சிடும். '1 டிபி எஸ்எஸ்டி' எண்டு மொட்டையாச் சொன்னா கடைக்காரர் ஆக மலிவானதைத்தான் தூக்கித் தருவார்.

முத்தையன்கட்டு:
ஏற்றுக்கொள்கிறேன். டிஎல்சி (ஒரு செல்லுக்கு மூன்று பிட்) என்று உறுதியாகத் தெரிந்த மாடல்தான் வேண்டும். டிரைவுக்குள்ளேயே டிராம் (எது எங்கே கிடக்கிறது என்ற அட்டவணையை வைக்கும் நினைவகம்) இல்லாவிட்டாலும் என்விஎம்இயில் பரவாயில்லை, கணினியின் ராமில் இருந்து சில பத்து எம்பி எடுத்து அட்டவணையை வைத்துக்கொள்ளும். சாட்டா (வயரில் குத்தும் பழைய இணைப்பு) எஸ்எஸ்டிக்கு அந்த வசதி இல்லை, டிராம் இல்லாத சாட்டாவை விண்டோஸுக்குப் போட வேண்டாம்.

இன்னொன்று. பி450 பிசிஐஇ (டிரைவும் கார்ட்டும் குத்தும் வழி) 3.0 போர்ட், அதாவது மூன்றாம் தலைமுறை. செக்கனுக்கு 7,000 எம்பி என்று எழுதிய நாலாம் தலைமுறை டிரைவ் இதில் 3,500க்கு மேல் போகாது. கேம் திறக்கிற நேரத்தில் இரண்டுக்கும் ஓரிரு செக்கன் வித்தியாசம்கூட வராது. விலை ஒன்றென்றால் எடுக்கலாம், கூடக் காசு கொடுக்கத் தேவையில்லை.

கனகராயன்:
தம்பியவை, டிரைவைப் பற்றியே கதைக்கிறியள். யூபிஎஸ் பிறகு பாப்பம் எண்டு தம்பி எழுதினதை ஒருத்தரும் தூக்கிப் பிடிக்கேல்லை. மழைக்காலத்தில கரண்ட் போய் வந்து போற ஊரில அதுதான் முதல் சாமான்.

வீட்டுப் பாவனை எஸ்எஸ்டியில கரண்ட் போனா தாக்குப் பிடிக்கிற கபாசிட்டர் இல்லை. எழுதிக்கொண்டிருக்கிற நேரம் கட் ஆனா அந்த ஃபைல் போகும். எது எங்க கிடக்குது எண்ட அட்டவணை கெட்டால் டிரைவே பயோஸில (பிசி திறந்த உடனே வாற அடிப்படைத் திரை) தெரியாமல் போகும். போனது தெரியிறதுக்கு முன்னம் திரும்ப வந்து அடிக்கிற கரண்ட் பவர் சப்ளைக்கும் கூடாது.

அளவைச் சொல்லுறன். 5600 ஆகக் கூட 76 வாட், 6600 கார்ட் 132 வாட், மற்றதெல்லாம் 50, மொனிட்டர் 25, பவர் சப்ளையில வெப்பமாப் போறது கொஞ்சம். சுவரில 320 வாட் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. 650 விஏ எண்டது 650 வாட் இல்லை, 360 - 390 வாட்தான். தாங்கும், ஆனா விளிம்பில நிக்கும், பற்றரி ஒரு வருசத்தில களைச்சால் விழுத்திப்போடும். 1000 விஏ, ஏவிஆர் (வோல்டேஜைச் சமப்படுத்திறது) உள்ளதா எடுங்கோ. விளையாடிக்கொண்டிருக்க இல்லை, சேவ் பண்ணி ஒழுங்கா நிப்பாட்ட சில நிமிசம் கிடைச்சாக் காணும். பூட்டின அண்டைக்கே கேம் ஓடேக்க யூபிஎஸ்ஸின்ர பிளக்கைச் சுவரில இருந்து கழட்டிப் பாருங்கோ. மலிவு யூபிஎஸ் குடுக்கிற படிக்கட்டு அலையைச் சில பவர் சப்ளை ஏற்காமல் நிண்டிடும். அது கடையில மாத்தக்கூடிய நாளிலேயே தெரியோணும்.

550 வாட் எண்ட சொல்லை நம்பாதேங்கோ. பக்கத்து லேபிளில 12 வோல்ட் வரியைப் பாருங்கோ. 43 - 45 அம்பியர் இருந்தா உண்மையான 550. 20 அம்பியர் எண்டு இருந்தா 12ஆல பெருக்கிப் பாருங்கோ, 240 வாட்.

எர்த்தும் பாக்கோணும். கேசிங்கைப் புறங்கையால தொட்டால் சுள்ளெண்டு இருந்தால் எர்த் இல்லை. பவர் சப்ளையின்ர ஃபில்டர் கபாசிட்டரால மெயினின் பாதி, 115 வோல்ட் அளவு, கேசிங்கில நிக்குது. இரண்டு பின் அடாப்டரில குத்தினாலும் இதுதான் நடக்கும். வயரிங் ஆளைக் கூப்பிட்டு எர்த் றொட்டைப் பாக்காமல் பிசியைப் போடாதேங்கோ.

நெடுங்கேணி:
சிக்னல் எடுக்க ரூட்டரை வெளியில பைப்பில ஏத்தியிருந்தா, இடி முழங்கேக்க பிளக்கை மட்டும் கழட்டிக் காணாது. லான் வயரையும் கழட்டோணும். மின்னல் அந்த வயரால வந்து நேரே மதர்போர்ட்டைத்தான் அடிக்கும்.

பாலியாறு:
விளங்குது. ஆனா 1000 விஏ யூபிஎஸ்ஸுக்கும் காசு வேணும். எதைக் குறைக்கிறது? கார்ட்டைக் குறைக்க மனமில்லை.

இரணைமடு:
கார்ட்டில கை வைக்காதேங்கோ. 5600ஐ 5500 ஆக்குங்கோ. 5500இல எல்3 கேஷ் (பிராசஸருக்குள்ள இருக்கிற வேக நினைவகம்) 32க்குப் பதிலா 16 எம்பி, பிசிஐஇ 3.0தான். ஆனா உங்கட போர்ட்டே 3.0, அதில இழப்பில்லை. கேஷால ஃபிரேம் குறையும், வலரன்ட்டில நல்லாவே குறையும். குறைஞ்சும் 75ஐவிட எவ்வளவோ மேல நிக்கும். 75 ஹெர்ட்ஸ் மொனிட்டர் காட்டாத ஃபிரேமுக்கு ஏன் காசு?

முத்தையன்கட்டு:
இதில் நான் உடன்பட மாட்டேன். மொனிட்டரை இரண்டு வருடத்தில் மாற்றலாம், பிராசஸரை மாற்றுவதென்றால் கூலரைக் கழற்றி, பேஸ்ட் பூசி, பழையதை விற்று என்று பெரிய வேலை. குறைக்க வேண்டியது ஹாட் டிஸ்க்கை. 1 டிபி டிஎல்சி என்விஎம்இயும் யூபிஎஸ்ஸும் இப்போது. ஹாட் டிஸ்க்கை எந்த நாளும் ஒரு சாட்டா வயரோடு சேர்க்கலாம், விண்டோஸைத் தொடத் தேவையில்லை. 500 ஜிபியை 1 டிபி ஆக்குவது அப்படி இல்லை. பி450 போர்ட்டுகள் பலவற்றில் இரண்டாவது எம்.2 இடமே (என்விஎம்இ குத்தும் குழி) இல்லை. இருந்தாலும் பாதி வேகத்தில் ஓடும், இல்லாவிட்டால் இரண்டு சாட்டா போர்ட்டை நிறுத்திவிடும். மதர்போர்ட் மனுவலில் அந்தப் பக்கத்தைப் பாருங்கள்.

பூட்டும்போது பிராசஸருக்கும் கார்ட்டுக்கும் இடையில் உள்ள முதல் எம்.2 இடத்தில் பூட்டுங்கள். ஹீட்சிங்கின் உட்பக்கப் பட்டையில் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும், பலர் அதை உரிக்காமலே மூடிவிடுகிறார்கள். வைகாசி, ஆனியில் சீற் கூரைக்குக் கீழே அறையே 35 பாகை, அந்தத் தாள் இருந்தால் டிரைவ் 80ஐத் தொட்டு வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சோளகக் காற்று வீசும் மாதங்களில் கிறவல் தூசி பொல்லாதது. முன்னால் இரண்டு ஃபான் வலையோடு உள்ளே இழுக்கவும், பின்னால் ஒன்று வெளியே தள்ளவும் வையுங்கள். உள்ளே அழுத்தம் கூடி இருந்தால் இடுக்கால் தூசி ஏறாது. பின்பக்கம் திறந்திருக்கும் கார்ட் துளைகளைத் தகட்டால் மூடுங்கள், பல்லி அதால்தான் போகும்.

பாலியாறு:
5600ஐயே வைச்சிருக்கிறம். 1 டிபி டிஎல்சி, 1000 விஏ யூபிஎஸ் இப்ப. ஹாட் டிஸ்க் தைக்குப் பிறகு. பாவிச்ச டிஸ்க் எடுக்கலாமோ?

இரணைமடு:
அதுவரைக்கும் ஒரு கேமையும் அழிக்காதேங்கோ. அழிக்கத்தான் வேணும் எண்டா, ஆரிட்டையும் எக்ஸ்டேர்னல் டிஸ்க் வாங்கி ஸ்டீமின்ர பேக்கப்பால அதுக்குள்ள போட்டு வைச்சிட்டு அழியுங்கோ. சிநேகிதப் பொடியனிட்ட அதே கேம் இருந்தா இரண்டு பிசியையும் ஒரே ரூட்டரில குத்துங்கோ. 2023இல இருந்து ஸ்டீம் பக்கத்துப் பிசியில இருந்தே கேமை எடுக்கும், டேட்டா மிச்சம்.

பாவிச்ச டிஸ்க் எண்டால் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ (டிஸ்க்கின்ர நிலை காட்டுற மென்பொருள்) போட்டுப் பாருங்கோ. 05 (மாத்தின கெட்ட இடம்), சி5 (சந்தேகத்தில நிக்கிற இடம்), சி6 (வாசிக்கேலாத இடம்) மூண்டிலயும் கடைசி நிரல் முழுக்கப் பூச்சியமா இருக்கோணும். சி5இல ஒண்டு நிண்டாலும் வேண்டாம். சி7 கூடியிருந்தா அனேகமா வயர் பிழை, வயரை மாத்திப் பாக்கலாம். ஓடின மணித்தியாலம் பழைய டிஸ்க்கில சின்ன இலக்கமா இருந்தா ஆரோ அழிச்சிருக்கினம். லேபிளில உற்பத்தித் திகதி இருக்கும், ஒப்பிட்டுப் பாருங்கோ. கடைசியா முழு டிஸ்க்கையும் ஒருக்கா வாசிக்க விடுங்கோ, 2 டிபிக்கு நாலு மணித்தியாலம் எடுக்கும். அந்த நேரத்தைக் குடுக்க மாட்டன் எண்டு சொல்லுறவரிட்ட வாங்காதேங்கோ.

கனகராயன்:
கொழும்பில இருந்து எடுப்பிக்கிறதெண்டா இதையும் செய்யுங்கோ. பி450 பழைய போர்ட், பயோஸ் பழசா இருந்தா 5600ஐத் தெரியாது. 5600இல உள் கிராபிக்ஸும் இல்லை. கார்ட்டைக் குத்தி, பயோஸ் திரையில 5600 பேரும் 16 ஜிபியும் வாறதைக் கடையிலேயே படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கோ. ராம் இரண்டும் பிராசஸரில இருந்து இரண்டாவது, நாலாவது குழியில இருக்கோணும், எக்ஸ்எம்பி (ராமை முழு வேகத்துக்கு ஏத்திற பயோஸ் தெரிவு) போட்டு 3200 காட்டோணும். பிறகு கார்ட்டைக் கழட்டித் தனிப் பெட்டியில வைச்சு அனுப்பட்டும். குத்தினபடியே பஸ்ஸில ஏத்தினா 300 கிலோமீட்டருக்கு மேல குலுங்கி வரேக்க கார்ட்டின்ர பாரத்தில மதர்போர்ட்டின்ர ஸ்லொட் உடையும். உடைஞ்ச ஸ்லொட்டுக்கு வாரன்டி தர மாட்டினம்.