2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு சரியாக மீண்டது யார்: ஐஸ்லாந்தா, அயர்லாந்தா?

நெய்தல்:
என் கட்சி ஐஸ்லாந்து. 2008 அக்டோபரில் அதன் பெரிய வங்கிகளான கிளிட்னிர், லாண்ட்ஸ்பாங்கி, காப்திங் மூன்றும் ஒரே வாரத்தில் விழுந்தன. அரசு முட்டுக்கொடுக்கவில்லை. நஷ்டத்தின் பெரும்பகுதியைக் கடன் கொடுத்த வெளிநாட்டவர்களே சுமந்தார்கள். அயர்லாந்தோ செப்டம்பர் 30 அன்று தன் வங்கிகளின் டெபாசிட்டுக்கும் பெரும்பாலான கடன்களுக்கும் அரசே ஜாமீன் என்றது. கடைசியில் மக்கள் தலையில் விழுந்தது சுமார் 6,400 கோடி யூரோ. எவனோ வாங்கிய கடனுக்கு ஊரே வட்டி கட்டுவது என்ன நியாயம்?

கணக்கன்:
ஐஸ்லாந்து மக்கள் மட்டும் தப்பித்தார்களா? அவர்கள் நாணயமான குரோனா ஏறத்தாழ பாதி மதிப்பை இழந்தது. 2009 தொடக்கத்தில் பணவீக்கம் 18 சதவீதத்தைத் தாண்டியது. அங்கே பெரும்பாலான வீட்டுக்கடன்கள் விலைவாசிக் குறியீட்டோடு கட்டப்பட்டவை. விலைவாசி ஏறினால் அசலே ஏறும். 2 கோடி குரோனா பாக்கி வைத்திருந்தவருக்கு 18 சதவீதம் என்றால் 36 லட்சம் கூடுதல். தவணை தவறாமல் கட்டியவர் வருடக் கடைசியில் முன்பைவிடப் பெரிய கடனாளி. அப்புறம், பணம் நாட்டைவிட்டு வெளியே போகாமல் தடுத்த மூலதனக் கட்டுப்பாடுகள் பெருமளவு நீங்கியது 2017-ல்தான்.

நெய்தல்:
அந்த வலியை மறுக்கவில்லை. ஆனால் வேலையைப் பாருங்கள். ஐஸ்லாந்தில் வேலையின்மை உச்சத்திலேயே 9 சதவீதத்தை ஒட்டித்தான் இருந்தது, அயர்லாந்தில் 15-ஐத் தொட்டது. குரோனா விழுந்ததால் மீன் ஏற்றுமதியும் சுற்றுலாவும் எழுந்தன. சொந்த நாணயம் இல்லாமல் யூரோவில் இருந்த அயர்லாந்துக்கு அந்த வழியே இல்லை, சம்பளத்தில் கைவைத்தார்கள். இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக நாட்டைவிட்டுப் போனார்கள்.

கணக்கன்:
சரி, வேலையில் ஐஸ்லாந்துதான். வளர்ச்சியில்? அயர்லாந்து 2013 டிசம்பரில், ஐரோப்பிய ஒன்றியமும் ஐ.எம்.எஃபும் கடன் கொடுத்த மீட்புத் திட்டத்திலிருந்து வெளியே வந்தது, 2015-ல் ஜிடிபி, அதாவது நாட்டின் மொத்த உற்பத்தி, 26 சதவீதம் கூடியதாக அறிவித்தது.

பொன்னி:
கணக்கன், அந்த 26-ஐ மட்டும் எடுக்காதீர்கள். பன்னாட்டு நிறுவனங்கள் காப்புரிமை போன்ற சொத்துகளை அயர்லாந்துக் கணக்குக்கு மாற்றியதால் வந்த எண் அது. அதனால்தான் அந்நாட்டுப் புள்ளியியல் துறையே 2017-ல் இந்த ஊதலைக் கழிக்கும் திருத்திய தேசிய வருமானம் என்ற தனி அளவைக் கொண்டுவந்தது. வளர்ச்சியை ஒப்பிட 2007-ஐ அடிப்படை ஆண்டாக வைத்தாலும் தப்பாகும், இரண்டு நாடுகளும் அப்போது ஊதிப்போன உச்சத்தில் இருந்தன.

கணக்கன்:
ஜிடிபியை விட்டுவிடுகிறேன். ஆனால் வங்கிகளுக்குக் கடன் கொடுத்திருந்த பத்திரதாரர்கள் தலையில் நஷ்டத்தை ஏற்ற அயர்லாந்து பிறகு முயன்றபோது தடுத்தது ஐரோப்பிய மத்திய வங்கி. அயர்லாந்தின் கை கட்டப்பட்டிருந்தது.

நெய்தல்:
அது பிறகு. முதல் ஜாமீன் அயர்லாந்து அரசே தலைநகர் டப்ளினில் ஒரே இரவில் எடுத்த முடிவு. அந்த இரவைப் பற்றிச் சொல்லுங்கள்.