பதில்: ‘எதிர்வினை மூட்டழற்சி’ வேண்டாமே

வணக்கம். தொண்டைவலி தரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமியின் தொற்றுக்குப் பிறகு சிலருக்கு மூட்டு வீங்கும் நோய்க்கு (post-streptococcal reactive arthritis) தமிழ்ப் பெயர் தேடிக்கொண்டிருக்கிறோம். அதற்கு நீங்கள் எழுதியது:

> ‘ஸ்ட்ரெப்டோகாக்கசுக்குப் பின்னான எதிர்வினை மூட்டழற்சி’ என்றே வைக்கலாம், சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது.

பொருந்துகிறதுதான், ஆனால் எனக்கு இடிப்பது அந்த ‘எதிர்வினை’. பக்கத்து வீட்டுக்காரர், முப்பது வயது, தொண்டைவலிக்கு ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டுச் சரியாகி, பத்து நாள் கழித்து முழங்காலும் கணுக்காலும் வீங்கிப் படுத்துவிட்டார். நான் மொழிபெயர்த்து வைத்திருந்த குறிப்பைக் கொடுத்தேன். படித்ததும் “அப்போ மாத்திரை ரியாக்‌ஷனா சார்?” என்றார். நம் ஊரில் ரியாக்‌ஷன் என்றால் மருந்து ஒத்துக்கொள்ளாமல் உடம்பு தடிப்பதுதானே. பென்சிலின் தேவைப்படக்கூடிய நோயில் பென்சிலின் மேலேயே பழியைப் போடும் பெயர் எதற்கு?

‘எதிர்வினை’க்குப் பதில் ‘பின்வினை’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அழகான சொல், ஆனால் முன்வினைப் பயன் மாதிரி கேட்கிறது! ‘தொற்று மூட்டழற்சி’யும் கூடாது. அது கிருமி மூட்டுக்குள்ளேயே புகுந்து சீழ் வைப்பது. இங்கே மூட்டுநீரை எடுத்து வளர்த்துப் பார்த்தாலும் கிருமி இருக்காது, கிருமியை அடிக்கக் கிளம்பிய நோயெதிர்ப்பு மூட்டிலும் கைவைத்துவிட்டது, அவ்வளவுதான்.

வாதக்காய்ச்சலோடு (rheumatic fever) சேர்த்துவிடலாம் என்பதையும் ஏற்க முடியவில்லை. அதற்கும் இதே கிருமிதான் காரணம், ஆனால் அது பெரும்பாலும் பிள்ளைகளுக்கு, தொண்டைவலி வந்து இரண்டு மூன்று வாரம் கழித்து வரும், வலி மூட்டுக்கு மூட்டு தாவும், ஆஸ்பிரின் கொடுத்தால் சட்டென்று அடங்கும், இதய வால்வையும் கெடுக்கும். இதுவோ ஏழு முதல் பத்து நாளிலேயே வந்து, பிடித்த மூட்டை விடாமல் வாரக்கணக்கில் உட்கார்ந்திருக்கும், ஆஸ்பிரினுக்கு அவ்வளவாக மசியாது. பெரியவர்களுக்கு இதயம் பாதிப்பது அரிது.

கிருமிப் பெயருக்கு ‘தொடர்க்கோளம்’ வேண்டாம், ‘தொடர்க்கோள மூட்டழற்சி’ என்றால் ஓயாமல் தொடரும் வலி என்று படிப்பார்கள். ‘சங்கிலிக்கோளம்’ பரவாயில்லை, கிருமி உருண்டை உருண்டையாகச் சங்கிலி போலத்தான் கோத்திருக்கும். (கிரேக்க ‘ஸ்ட்ரெப்டோஸ்’ என்றால் முறுக்கியது என்று பொருள், முறுக்குக்கோளம் என்று வைத்தால் பசிதான் எடுக்கும்.)

ஆக, என் பரிந்துரை ‘சங்கிலிக்கோளத் தொற்றுக்குப் பிந்தைய மூட்டழற்சி’. நீளம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முன்னால் இருக்கும் கிருமிப் பெயரை மட்டும் மாற்றினால் வயிற்றுப்போக்கு, சிறுநீர்த்தொற்று இவற்றுக்கு அப்புறம் வரும் மூட்டுவீக்கத்துக்கும் இதே அச்சு உதவும். ‘பிந்தைய’வை விடச் சின்னதாக யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், ‘எதிர்வினை’யை மட்டும் திரும்பக் கொண்டுவர வேண்டாம்.