மான் வேட்டைக்கு .223 போதுமா, .243 வாங்கிவிடலாமா?

கெர்வில்_பக்கம் கேட்டது:

வணக்கம். டெக்சஸில், சான் அன்டோனியோவுக்கு வடமேற்கே ஹில் கண்ட்ரியில் இருக்கிறோம். கூட வேலை பார்ப்பவர் வரும் நவம்பரில் தன் பண்ணைக்கு வெள்ளைவால் மான் வேட்டைக்குக் கூப்பிட்டிருக்கிறார், மகளையும் அழைத்து வரச் சொல்கிறார். அவளுக்கு 13 வயது, ஒல்லியான உடம்பு, ஆனால் ரேஞ்சில் நிதானமாகச் சுடுவாள். வீட்டில் இருப்பது .223 போல்ட் ஆக்‌ஷன் ஒன்றுதான். பண்ணைக்காரர் அதைவிடப் பலமாக உதைக்கும் தன் .308 ரைஃபிளைத் தருகிறேன் என்றார், அதை ரேஞ்சில் சுட்டுப் பார்த்ததிலிருந்து விசையை இழுக்கும் முன்பே கண்ணை மூடிக்கொள்கிறாள். விசாரித்தால் ஒருவர் .223-ல் தாராளமாக விழும் என்கிறார், இன்னொருவர் அடிபட்ட மானைப் புதர் புதராகத் தேடத்தான் போகிறீர்கள் என்கிறார். சட்டப்படி இது செல்லுமா, எந்தக் குண்டு போடுவது, எவ்வளவு தூரம் வரை சுடலாம்? இறைச்சிக்காகத்தான் போகிறோம். அந்த உயிர் துடித்துச் சாகக் கூடாது, அதுதான் என் கவலை.

மெஸ்கீட்_நிழல்:

சட்டம் முதலில். டெக்சஸில் வெள்ளைவால் மானுக்கு ரிம்ஃபயர் தோட்டா (அடிப்பக்க விளிம்பில் அடித்தால் வெடிப்பது) எந்த அளவிலும் கூடாது, அதாவது .22 லாங் ரைஃபிள், .17 ஹெச்எம்ஆர் எல்லாம் வெளியே. சென்டர்ஃபயர் (அடியின் நடுவில் அடித்தால் வெடிப்பது) என்றால் குறைந்தபட்ச காலிபர் (குழாயின் விட்டம், அங்குலத்தில்) என்று எதுவும் இல்லை, அதனால் .223 செல்லும். ஆனால் இது டெக்சஸுக்கு மட்டும். கொலராடோவில் .24-க்குக் குறைந்து மானைச் சுட முடியாது, குண்டின் எடை 70 கிரெய்னாவது (சுமார் 4.5 கிராம்) இருக்க வேண்டும், 100 யார்டில் 1,000 அடி-பவுண்டு ஆற்றல் மிஞ்ச வேண்டும். வெர்ஜீனியாவில் .23-இலிருந்துதான் ஆரம்பம். நாளைக்கு வேறு மாநிலத்துக்குக் குடிபோனால் இதே துப்பாக்கி வீட்டில்தான் இருக்கும், அதையும் கணக்கில் வையுங்கள்.

இப்போது குண்டு. .223-இன் பெயர் கெட்டதற்குப் பாதிக் காரணம் தவறான குண்டுதான் என்பது என் உறுதியான எண்ணம். அலமாரியில் மலிவாகக் கிடைக்கும் 55 கிரெய்ன் தோட்டாக்களில் ஒரு வகை முழு உலோக உறை போட்டது, அது விரியாமல் ஊசி மாதிரித் துளைத்துக்கொண்டு போய்விடும், மான் ஓடிப்போய் எங்கோ கிடந்து சாகும். இன்னொரு வகை கொயோட்டி, புல்வெளி நாய் போன்ற சிறு விலங்குகளுக்காகச் செய்தது. தோலைத் தொட்டதுமே சிதறும், தோள் எலும்பில் பட்டால் மேலே பெரிய புண் ஆகுமே தவிர நுரையீரலுக்குப் போய்ச் சேராது. நீங்கள் வாங்க வேண்டியது மானுக்கென்றே கட்டிய குண்டு. நோஸ்லர் பார்ட்டிஷன் 60 கிரெய்ன், ஃபெடரல் ஃப்யூஷன் 62 கிரெய்ன், முழுச் செம்பில் பார்ன்ஸ் டிஎஸ்எக்ஸ், இவை விரியும், ஆனால் உடையாமல் உள்ளே போகும். செம்பில் இன்னொரு நன்மை, இறைச்சியில் ஈயத்துகள் சேராது. பிள்ளைகள் சாப்பிடும் வீட்டில் நான் செம்பைத்தான் எடுப்பேன்.

தூரம் 100 யார்டு, அதற்கு மேல் வேண்டாம். ஹில் கண்ட்ரியில் தீனிப்பெட்டிக்குப் பக்கத்தில் பிளைண்டில் (மறைந்து உட்காரும் கூண்டு) உட்காருவதென்றால் பெரும்பாலும் அதற்குள்ளேயே வந்துவிடும்.

கரிசல்_ரேஞ்ச்:

நான் மாற்றுக்கருத்து சொல்கிறேன், .243 வாங்குங்கள். குண்டைப் பற்றி மேலே சொன்னது அத்தனையும் சரி. ஆனால் எல்லாம் ஒழுங்காக அமைந்தால் .223 போதும் என்பது ஒரு வாதம், கொஞ்சம் பிசகினாலும் மான் விழ வேண்டும் என்பது வேறு வாதம். முதல் மானைப் பார்க்கும்போது யாருக்கும் கை நடுங்கும், பதிமூன்று வயதில் கேட்கவே வேண்டாம்.

எண்ணை மட்டும் பார்ப்போம். .223-இல் 55 கிரெய்ன் குண்டு குழாய் வாயில் நொடிக்கு 3,240 அடி வேகம், ஏறக்குறைய 1,280 அடி-பவுண்டு. .243-இல் 100 கிரெய்ன் குண்டு 2,960 அடி வேகம், 1,945 அடி-பவுண்டு. வேகம் கொஞ்சம்தான் குறைகிறது, எடை ஏறத்தாழ இரட்டிப்பு. அந்த எடைதான் மான் லேசாகச் சாய்ந்து நிற்கும்போது தோளைத் தாண்டி உள்ளே போக உதவும். மறுபக்கம் துளைத்து வெளியே வரும் வாய்ப்பும் அதிகம். வெளியே வந்தால் ரத்தத் தடம் நன்றாக விழும், சீடர் புதருக்குள் ஓடினாலும் பின்தொடரலாம். .223-இல் பல நேரம் குண்டு உள்ளேயே தங்கிவிடும், நுழைந்த துளையும் சின்னது, மான் செத்துத்தான் இருக்கும், அறுபது யார்டு தள்ளிக் கிடப்பதைக் கண்டுபிடிக்கப் பொழுது சாய்ந்துவிடும். அந்த ஊர் நவம்பர் வெயிலில் இறைச்சி வீணாக அதிக நேரம் ஆகாது.

உதைப்பு? .223-ஐவிடக் கூட, .308-இல் பாதி அளவு. 1955-இல் வந்ததிலிருந்து பிள்ளைகளுக்கும் உதை பிடிக்காதவர்களுக்கும் .243-ஐத்தான் கையில் கொடுக்கிறார்கள். அப்புறம், அவள் கண்ணை மூடுவது உதைக்காக மட்டும் என்று நினைக்காதீர்கள், சத்தமும் ஒரு காரணம். காதுக்குள் நுரை அடைப்பு, அதற்கு மேல் காதை மூடும் மஃப், இரண்டும் போட்டுச் சுட வையுங்கள். துப்பாக்கிக் கட்டையின் நீளமும் அவள் கைக்குப் பொருந்துகிறதா பாருங்கள், பெரியவர்கள் அளவுக் கட்டையைப் பிடித்துக் கழுத்தை நீட்டிச் சுடும் பிள்ளைக்கு எந்தக் காலிபரும் வலிக்கும்.

நார்ஃபோக்_வாசி:

இங்கிலாந்திலிருந்து எழுதுகிறேன். இதே விவாதம் இங்கே சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது, உங்களுக்குப் பயன்படலாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1991 மான் சட்டப்படி ரைஃபிள் .240-க்குக் குறையக் கூடாது, குழாய் வாயில் 1,700 அடி-பவுண்டு வேண்டும். 2007-இல் மண்ட்ஜாக், சீன நீர்மான் இரண்டுக்கும் மட்டும் தளர்த்தினார்கள்: .220, 50 கிரெய்ன், 1,000 அடி-பவுண்டு. மண்ட்ஜாக் என்பது பத்திலிருந்து பதினெட்டு கிலோ வரும் குட்டை மான். அதைவிடக் கொஞ்சம் பெரிய ரோ மானை .223-ஆல் சுட்டால் இங்கே குற்றம். எல்லை தாண்டி ஸ்காட்லாந்துக்குப் போனால் அதே ரோ மானுக்கு அதே .223 சட்டப்படி செல்லும்.

உங்கள் ஹில் கண்ட்ரி மான்கள் வடக்கத்தி மான்களைவிடச் சிறியவை என்று தெரியும், ஆனாலும் வளர்ந்த பெண் மானே மண்ட்ஜாக்கைப் போல இரண்டு மடங்குக்கு மேல் எடை. அதனால் என் ஓட்டு .243-க்குத்தான். ஒருவேளை .223-உடனேயே போனால் மான் பக்கவாட்டில் நிற்கும்போது மட்டும் சுடட்டும். முன்னங்காலின் பின்கோட்டை ஒட்டி, உடம்பின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு. நேராகப் பார்த்து நின்றாலோ, நம்மை நோக்கிச் சாய்ந்து நின்றாலோ விசையில் விரலே வைக்கக் கூடாது. தலையைக் குறிவைக்கச் சொல்லி யாராவது ஆலோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள். மூளை சின்ன இலக்கு, தலை ஆடிக்கொண்டே இருக்கும், தாடை உடைந்த மான் தின்ன முடியாமல் பல நாள் அலைந்து சாகும்.

கெர்வில்_பக்கம்:

மூவருக்கும் நன்றி. உடனே இன்னொரு ரைஃபிள் வாங்கக் கை கொஞ்சம் இடிக்கிறது. .223 உடன் போவதென்றால் பேரலில் 1:9 என்று போட்டிருக்கிறதே, 77 கிரெய்ன் போடலாமா? கனம் கூடினால் நல்லதுதானே? அப்புறம் என் மைத்துனர் ஹெச்-1பி விசாவில் இருக்கிறார், அவரும் வரலாமா?

மெஸ்கீட்_நிழல்:

1:9 என்றால் குழாயின் உள்வரிகள் ஒன்பது அங்குலத்துக்கு ஒரு சுற்று. 77 கிரெய்ன் குண்டு நீளமானது, அதற்கு 1:8 அல்லது அதைவிட வேகமான முறுக்கு வேண்டும், இல்லாவிட்டால் குண்டு தள்ளாடிப் பறந்து காகிதத்தில் துளை சாய்ந்து விழும், அந்தக் குண்டை நம்பி மானைச் சுடக் கூடாது. 60, 62 கிரெய்ன் ஈயக் குண்டு உங்கள் பேரலில் ஒழுங்காகப் போகும். செம்பு அதே எடைக்கு இன்னும் நீளம் என்பதால் 55-இல் ஆரம்பியுங்கள். ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒவ்வொன்று பிடிக்கும், இரண்டு மூன்று வகைப் பெட்டி வாங்கி 100 யார்டில் சுட்டுப் பாருங்கள்.

மைத்துனர் விஷயத்தில் கவனம். குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது கூட்டரசுச் சட்டப்படி தடை, இரவல் வாங்கிக் கையில் பிடித்தாலும் அதே கதைதான். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருந்தால் விலக்கு உண்டு. அதனால் உரிமம் வாங்கிய பிறகுதான் துப்பாக்கியைத் தொட வேண்டும், ரேஞ்சில்கூட. சும்மா கூட வந்து உட்காருவதில் சிக்கல் இல்லை. 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர் என்றால் டெக்சஸில் வேட்டைக் கல்விப் படிப்பும் முடிக்க வேண்டும், இது உங்களுக்கும் பொருந்தும்.

கரிசல்_ரேஞ்ச்:

பண்ணைக்காரரிடம் .243 இருக்கிறதா என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள், அந்தப் பக்கம் பிள்ளைகள் வளர்ந்த வீட்டில் பெரும்பாலும் ஒன்று இருக்கும். .223-தான் என்று முடிவானால் மேசையில் வைத்துச் சுடுவதோடு விடாமல் பிளைண்டில் எப்படி உட்காரப் போகிறாளோ அப்படியே உட்கார்ந்து, குச்சித் தாங்கியில் வைத்துச் சுட வையுங்கள். எட்டு அங்குல காகிதத் தட்டில் எந்தத் தூரம் வரை ஒன்றுகூடத் தவறாமல் விழுகிறதோ அதுதான் அவளுடைய தூரம், 70 யார்டு என்று வந்தால் 70-தான். 16 வயது வரை உள்ளவர்களுக்கென்று பொது சீசனுக்கு முன்பே ஒரு வார இறுதி விடுகிறார்கள், அப்போது காட்டில் கூட்டமும் குறைவு, மானும் மிரளாமல் இருக்கும். பண்ணைக்காரருக்குச் சம்மதம் என்றால் அந்தத் தேதிக்குப் போங்கள்.